தேரும் புரவியும் அறிந்த தாட்சியோ நுவோலாரி

எமது கல்லூரியின் விழா மலரிலே புலவர், சமயப் பெரியார், தேசத் தொண்டர் முதலியோரின் சரிதங்களே இடம்பெறுவது வழக்கம். அவ்வரிசையில் மோட்டார் ஓட்டி ஒருவரை நிறுத்துவது தகுமோ என ஐயுறுவாரும் உளர். ஆயினும், மாணவர் விடுதியிலும், ஏன், ஆசிரியர் அறையிலுங்கூட, ஓயாது நிகழும் வாதம் ஒன்றை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றோம். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டத்திலே வெல்பவன் சிறந்த வீரனா, கார் ஓட்டத்திலே வெல்பவன் சிறந்த வீரனா என்பதே அவ்வாதம். ஒரு சாரார் றோசியின் பெயரை முன்வைப்பர். மறு சாரார் ஷூமாக்கரின் பெயரை முன்வைப்பர். ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுப்பதில்லை. இவ்வழக்கிலே சாட்சி கூறத் தகுதியுடையார் இரண்டையும் ஓட்டி இரண்டிலும் வென்றவரேயன்றோ?

அத்தகையோர் மிகச் சிலர். மோட்டார்ச் சைக்கிளுக்கான உலகச் சம்பியன் போட்டி 1949ஆம் ஆண்டிலும், கார் ஓட்டிகளுக்கான உலகச் சம்பியன் போட்டி 1950ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. இவ்விரு பட்டங்களையும் பெற்றவர் ஆங்கிலேயரான ஜோன் சேர்ட்டீஸ் ஒருவரே. ஆனால், இப்பட்டங்கள் ஏற்படுமுன்னரே, தூசி பறக்கும் தெருக்களில் இரண்டையும் ஓட்டி, ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை முற்றாகக் கொள்ளை கொண்ட ஒருவர் வாழ்ந்து மறைந்தார். அவரே இத்தாலியரான தாட்சியோ நுவோலாரி.

நுவோலாரி 1892ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி, வட இத்தாலியில் மாந்துவா நகரையடுத்த காஸ்தெல் தாரியோ என்னும் ஊரிலே பிறந்தார். இலத்தீன் மகாகவி வேர்ஜில் பிறந்ததும் அம்மாந்துவாப் பகுதியிலேயே. தந்தையார் வசதி படைத்த கமக்காரர். சிறிய தந்தையாராகிய யுசெப்பே துவிச்சக்கர வண்டிப் போட்டிகளிலே நாடறிந்த வீரர். குறுகிய உடலும் கூர்ந்த முகமும் கொண்ட அச்சிறுவனுக்குச் சில்லும் வேகமும் குடும்பச் சொத்தாகவே வாய்த்தன எனலாம். 1915இல் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கான அனுமதிப் பத்திரம் பெற்றார். ஆனால் முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது. படையிலே வாகனம் ஓட்டுவது அவர் தொழிலாயிற்று. எனவே போட்டியில் அவர் முதன்முதல் இறங்கியது 1920இலே, தமது இருபத்தேழாவது வயதிலேயாம். இக்காலத்து ஓட்டிகள் அவ்வயதிலே அனுபவம் முதிர்ந்தோராக எண்ணப்படுகின்றனர் என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்வாராக.

அக்காலத்து மோட்டார்ச் சைக்கிள் இன்றைய பொறியன்று. பின்சில்லுக்கு விற்சுருள் கிடையாது. தெருவின் ஒவ்வொரு குழியும் ஓட்டியின் முதுகெலும்பிலேயே வந்து முடியும். பல இடங்களிற் பாதை கல்லும் மண்ணுமே. தலைக்கவசமோ தோற்றொப்பியளவினது. பியாங்கி நிறுவனத்தின் 350 கன சதமமீற்றர்ப் பொறியின் மீது நுவோலாரி இத்தகைய தெருக்களிலே பயின்று, 1925 முதல் சில ஆண்டுகள் அவ்வகுப்பிலே தம்மை எதிர்ப்பாரின்றி விளங்கினார்.

நம் முன்னோர் படையை நான்காக வகுத்தபோது தேரையும் புரவியையும் வேறுவேறாகவே வைத்தனர். தேர்ப்பாகன் தேரினுள் நிற்கின்றான். அவன் அசைந்தாலும் தேர் தன் வழியே செல்லும். புரவி வீரனோ குதிரையோடு ஓருடலாகின்றான். அவன் சாய்ந்தாற் குதிரையும் சாயும். மோட்டார்ச் சைக்கிளும் அத்தகையதே. வளைவிலே பொறியைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் ஓட்டியின் உடலே. முன்சில்லுக்கு ஒரு தடுப்பு, பின்சில்லுக்கு ஒரு தடுப்பு என இரண்டையும் வேறுவேறாக அளந்து பிடித்தல் வேண்டும். அளவு தப்பினால் மறுகணம் நிலத்திலேதான். காரிலே நான்கு சில்லுகள் பிழையைச் சிறிது பொறுக்கும். அதனாற் கார் ஓட்டம் எளிதென்பது எம் கருத்தன்று. பாரத்தையும் வலுவையும் கூட்டிய பொறியை எல்லையின் விளிம்பிலே மணிக்கணக்காக வைத்திருப்பது வேறொரு கலை. வேறுவேறாகிய இவ்விரு கலைகளும் ஒருவரிடத்தே எவ்வாறு கூடின என்பதே ஆராயத்தக்கது.

1925ஆம் ஆண்டு யூலையிலே அல்பா ரோமியோ நிறுவனத்தின் தலையாய ஓட்டியான அந்தோனியோ அஸ்காரி பிரான்சிலே விபத்தில் மாண்டார். அவரிடத்தை நிரப்புதற்கு ஆள் தேடிய நிறுவனத்தார் நுவோலாரியை மொன்சா ஓட்டப் பாதைக்கு அழைத்துக் காரொன்றை ஓட்டிப் பார்க்கச் செய்தனர். அவர் வேகமாகவே ஓட்டினார். ஆனாற் கியர்ப்பெட்டி இறுகிக் கார் பாதையை விட்டுப் பாய்ந்தது. முதுகு கிழிந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் இரு வாரங் கழியுமுன் அதே மொன்சாவிலே மோட்டார்ச் சைக்கிளுக்கான பெரும்போட்டி நடந்தது. உடலெங்கும் கட்டுக்களோடு வந்த அவரை இயந்திரத் தொழிலாளர் தூக்கிப் பொறியிலே இருத்தித் தள்ளிவிட்டனர். மழையிலே ஓடிய அப்போட்டியில் அவரே வென்றார். அல்பா ரோமியோவில் இடம் அப்போது கிட்டவில்லை. கார் கைவிட்டவரை மோட்டார்ச் சைக்கிள் கைவிடவில்லை என அவருடைய அன்பர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அறிவுடைமை என்று பார்த்தால் அச்செயலை நாம் மெச்சமாட்டோம்; எந்த மாணவனும் அதனைப் பின்பற்றுவதை விரும்பவும் மாட்டோம்.

கார் ஓட்டத்தில் நுழைவதற்குப் பணம் வேண்டும். அக்கால இத்தாலியிலே மோட்டார்ச் சைக்கிள் தொழிலாளியும் கனவு காணக்கூடிய பொறி. ஓட்டக் காரோ செல்வரின் விளையாட்டுப் பொருள். சைக்கிள் வீரனைத் தம்முள் ஒருவனாக மக்கள் கொண்டாடியதற்கு இதுவே காரணம் என்பது எம் துணிபு. நுவோலாரி புகாட்டிக் கார்களை வாங்கிச் சொந்தமாக ஒரு குழு அமைத்து, 1928இல் திரிப்போலிப் பெரும்போட்டியை வென்றார். அக்குழுவிற் பங்காளியாக இருந்தவர் அக்கில்லே வார்சி. அவரும் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வந்தவரே. நெசவாலைச் செல்வரின் மைந்தர். வார்சி விரைவில் அதனினும் வலிய காரொன்றை வாங்கிப் பிரிந்து சென்றார். அன்று தொடங்கிய போட்டி இத்தாலிய இரசிகரை இரு கட்சியாக்கியது. வார்சி அளந்து ஓட்டுபவர். ஒரு கோட்டைத் தவறாது கீறுபவர் போன்றவர். நுவோலாரி கார் துள்ளத் துள்ள, தோள்கள் ஆட ஆட, பொறியோடு மல்லாடுபவர். இருசில்லு ஓட்டத்தில் வளர்ந்தோர் எல்லாரும் ஒரே பாங்கில் ஓட்டுவர் என எண்ணுவோர் இவ்விருவரையும் நோக்குவாராக.

1930ஆம் ஆண்டின் மில்லே மில்யாப் போட்டி இவர்கள் பகையின் புகழ்பெற்ற அத்தியாயம். பிரேசியாவிலே தொடங்கி உரோமை சென்று மீளும் ஆயிரம் மைல் தெரு ஓட்டம் அது. விடியற் பொழுதிலே நுவோலாரி தம் காரின் விளக்குகளை அணைத்து, வார்சி அறியாவண்ணம் பின்தொடர்ந்து, இறுதியிலே திடீரென முந்தினார் என்பது கதை. இக்கதை எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்பது பற்றி இன்றும் கருத்து வேற்றுமையுண்டு. ஆனால் இரசிகர் பலர் கவனியாத செய்தியொன்று உண்டு. வார்சி புறப்பட்டுப் பத்து நிமிடங்களின் பின்னரே நுவோலாரி புறப்பட்டார். ஆதலால் வார்சியை எட்டிப் பிடித்தபோதே நேரக் கணக்கில் வெற்றி அவருடையதாயிற்று. முந்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருந்தும் முந்தினார். அவர் குணம் அது.

அவ்வாண்டின் முடிவிலே மோட்டார்ச் சைக்கிளுக்கு விடை கொடுத்தார். 1932இல் மொனாக்கோ, இத்தாலி, பிரான்சுப் பெரும்போட்டிகளையும் சிசிலித் தீவின் தார்கா புளோரியோவையும் வென்றார். அவ்வாண்டிலே கவிஞர் தன்னூன்சியோ அவருக்குப் பொன்னாமையொன்றைப் பரிசளித்தார். விரைந்தோடும் மனிதனுக்கு மெல்ல ஊரும் பிராணி பொருத்தமென்பது கவிஞரின் குறும்பு. அன்று முதல் ஆமை அவருடைய சின்னமாயிற்று. மஞ்சட் சட்டையிலே அதனைப் பொறித்துக்கொண்டார். 1933இல் பிரான்சியரான சொமேயுடன் சேர்ந்து லெமான் இருபத்துநான்கு மணிநேர ஓட்டத்தையும் வென்றார். இவ்வெற்றிகளை இங்கே அடுக்கிச் செல்வதிற் பயனில்லை. 1935இல் நிகழ்ந்ததே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

ஜேர்மனியின் நூர்பூர்க்ரிங் பாதை காடும் மலையுமான நிலத்திலே ஒரு சுற்றுக்கு 22.8 கிலோமீற்றர் நீளமுடையது. எண்ணற்ற வளைவுகள் கொண்டது. 1935 யூலை 28ஆந் திகதி அங்கே இருபத்திரண்டு சுற்றுக்கொண்ட பெரும்போட்டி. ஹிற்லரின் அரசு பொருளுதவி புரிந்த மெர்சிடிஸ், ஓட்டோ யூனியன் ஆகிய இரு நிறுவனங்களின் ஒன்பது கார்கள் நின்றன. நுவோலாரியின் அல்பா ரோமியோ பழைய அமைப்பினது. வலுவிலே ஜேர்மன் கார்களுக்கு ஏறத்தாழ நூறு பரிவலு பின்தங்கியது. அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மழையால் நனைந்த பாதையிலே, வலுவைவிடக் கைத்திறனே பேசும் வளைவுகளில், அவர் ஒவ்வொருவராகக் கடந்து முதலிடம் அடைந்தார். அப்போது ஊழ் விளையாடியது. பெற்றோல் நிரப்ப நின்றவிடத்திலே பம்பி உடைந்தது. தகரங்களிலிருந்து ஊற்ற வேண்டியதாயிற்று. இரண்டு நிமிடங்களுக்கு மேல் கழிந்தன. புறப்படும்போது ஆறாமிடம்.

மற்றெவரேனும் மனந்தளர்ந்திருப்பர். நுவோலாரியோ ஒரே சுற்றுக்குட் பலரைக் கடந்து இரண்டாமிடத்துக்கு வந்தார். முன்னே சென்ற மெர்சிடிஸ் ஓட்டி பொன் பிரௌகிச் அவரைத் தடுக்கும் பொருட்டுத் தம் ரயர்களை வருத்தினார். இறுதிச் சுற்றுத் தொடங்கும்போது அரை நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. ரயர் மாற்ற நின்றால் முதலிடம் போய்விடும். நில்லாவிட்டால் ரயர் தாங்குமோ என்பது ஐயம். அவர் நிற்கவில்லை. அச்சுற்றிலே ரயர் வெடித்தது. நுவோலாரி கடந்து சென்றார். ஜேர்மன் வெற்றியைக் காணத் திரண்ட பெருந்திரள் சிறிது நேரம் வாயடைத்து நின்றது; பின்னர் கைதட்டியது. இரசிகர் என்போர் யார் என்பதற்கு அக்கைதட்டலே இலக்கணமென்போம்.

இத்தாலிய ஆட்சியாளர் அவ்வெற்றியைத் தமதாக்கிக்கொண்டனர். முசோலினியின் படை அபிசீனியாவினுட் புகுந்தது அடுத்த ஒக்டோபரிலேதான். ஓட்டிகள் கொடுங்கோலரின் கொடிகளுக்கு அழகு சேர்த்தனர் என்பதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. கொடி யாருடையதாயினும் வளைவிலே காட்டிய திறன் அவருடையதே என்பதையும் மறைத்தலாகாது.

1938இல் நுவோலாரி அதே ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் குழுவிற் சேர்ந்தமை விந்தையே. அக்காரின் எஞ்சின் ஓட்டியின் பின்னே அமைந்தது. வளைவிலே பின்புறம் வெளியே வீசும். அனுபவமிக்க கார் ஓட்டிகள் பலரும் அதற்கு அஞ்சினர். அதனை முதலில் அடக்கிக் காட்டிய பேர்ண்ட் றோசமையர் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து நேரே வந்தவர். அவர் 1938 சனவரியிலே வேகச் சாதனை முயற்சியில் உயிரிழந்தார். அவருக்குப் பின் அதனை அடக்கியவர் நுவோலாரி. அவ்வாண்டிலே மொன்சாவிலும் இங்கிலாந்தின் டொனிங்டனிலும் வென்றார். வளைவுக்கு முன்னரே காரின் மூக்கை உட்புறம் திருப்பி, வேக மிதியைத் தளர்த்தாது, நான்கு சில்லுகளும் ஒருங்கே வழுக்க வளைவைக் கடப்பது அவர் முறை. வழுக்குவதை விபத்தென்று கருதாது ஒரு கருவியாகக் கொள்ளும் இம்மனம் மண்தெருச் சைக்கிளோட்டத்திலே பிறந்ததென்றே நாம் கருதுகின்றோம். எனினும் இதனை விதியாக்க முடியாது. சைக்கிளில் ஒன்பது உலகப் பட்டங்கள் பெற்ற மைக் ஹெயில்வூட் உலகச் சம்பியன் கார்ப் போட்டி ஒன்றிலேனும் முதலாவதாக வரவில்லை. ஐந்து முறை உலகச் சம்பியனான பஞ்சியோ கார்களிலேயே பயின்றவர்.

பாதையிலே பன்முறை தப்பிய அவருக்கு வீட்டிலே பேரிடி விழுந்தது. 1937இல் அமெரிக்கப் போட்டிக்குக் கடல்வழி செல்கையிலே மூத்த மகன் யோர்ஜியோ நோயால் இறந்த செய்தி வந்தது. 1946இல் இளையவனான அல்பேர்தோவும் நோயால் இறந்தான். இருவரும் பதினெட்டு வயதினர். ஒவ்வொரு நாளும் தன் உயிரைச் சாவின் வாயிலில் வைத்த தந்தை எஞ்சினார். படுக்கையிலே கிடந்த மைந்தர் போயினர். அதன்பின் எரிபுகையால் நுரையீரல் கெட்டு இருமி இரத்தம் துப்பும் நிலையிலும் அவர் ஓட்டத்தை விடவில்லை. வீட்டின் வெறுமைக்கு அஞ்சியே ஓடினாரோ என்னவோ. 1946இல் தூரின் நகரப் போட்டியிலே சுக்கான் சில்லு கழன்று கையோடு வந்தது. அதனை ஒரு கையிலே பிடித்தபடி தண்டைப் பற்றி ஓட்டிக்கொண்டு தரிப்பிடம் சேர்ந்தார். 1948 மில்லே மில்யாவிலே, ஐம்பத்தைந்து வயதில், பெராரிக் காரொன்றிலே முன்னணியில் விரைந்தார். எஞ்சின் மூடி பறந்தது, சேற்றுக்காப்பு கழன்றது, இருக்கையும் தளர்ந்தது. அரை மணிக்கு அண்மித்த முன்னிலையோடு வந்தவரைப் பின் விற்பட்டையின் முறிவே நிறுத்தியது. அவ்வாண்டு யூலையிலே வார்சி சுவிற்சர்லாந்திலே பயிற்சி ஓட்டத்தின்போது கார் கவிழ்ந்து மாண்டார்.

1950 ஏப்பிரலிலே சிசிலியின் மலையேற்றப் போட்டியொன்றில் தம் வகுப்பிலே முதலாவதாக வந்ததே நுவோலாரியின் கடைசி ஓட்டம். 1953 ஓகஸ்ட் 11ஆந் திகதி மாந்துவாவில் தம் இல்லத்திலே காலமானார். ஊரே திரண்டது. பேழை காரொன்றின் அடிச்சட்டத்தின் மீது வைக்கப்பட்டுச் சென்றது. பஞ்சியோவும், அன்று மொன்சாவுக்கு அவர் அழைக்கப்படக் காரணமான அஸ்காரியின் மைந்தர் அல்பேர்தோ அஸ்காரியும் உடன் நடந்தனர்.

1954 முதல் மில்லே மில்யாவின் வழி மாந்துவாவினூடாகச் செல்லுமாறு மாற்றப்பட்டது. கிரெமோனாவிலிருந்து மாந்துவா வழியாகப் பிரேசியா வரையுள்ள நேர்த் தெருக்களிலே மிக விரைந்தோடுவார்க்கு நுவோலாரியின் பெயரால் ஒரு பரிசும் ஏற்பட்டது. 1957 மே 12ஆந் திகதி அத்தெருவிலே, கிவித்சோலோ என்னும் சிற்றூரையடுத்து, முழுவேகத்தில் வந்த தெ போர்த்தாகோவின் காரின் ரயர் வெடித்தது. அவரும் துணைவரும், தெருவோரம் நின்ற இரசிகர் ஒன்பதின்மரும் இறந்தனர். அவ்வொன்பதின்மரில் ஐவர் பிள்ளைகள். மில்லே மில்யா என்னும் வேக ஓட்டம் அதன்பின் நடத்தப்படவில்லை.