கருவடிக்குப்பத்தில் உறங்கும் நாடக ஆசான்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று பேரவையில் சொன்னபோது, இயந்திரவியல் படிக்கிறவன் என்ற முறையில் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா கொத்தனார். ஆயாவுக்குக் கைநாட்டுதான். அந்தக் கைநாட்டு ஆயாதான் என் கட்டுரையை மாற்றிவிட்டது என்றால் யாரும் நம்பமாட்டீர்கள்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கும்போது ஆயா ஒரு பாட்டை முணுமுணுக்கும். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டுகிற பாட்டு. சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் மெட்டு மனப்பாடம். யார் எழுதியது என்று கேட்டால், அது யாருக்குத் தெரியும், நாடகத்துல பாடுவாங்க, அவ்வளவுதான் என்று விட்டுவிடும். பேரவை வேலைக்காக ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போன நான், விஞ்ஞானி அலமாரியைத் தேடாமல் நாடக அலமாரிப் பக்கம் போய்விட்டேன். அங்கே கிடைத்த பெயர் தூத்துக்குடி தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் காலமானது எங்கே தெரியுமா? நம் புதுச்சேரியில்! அடக்கமானது கருவடிக்குப்பத்தில். மூன்று வருஷமாக நான் பஸ்ஸில் தாண்டிப் போய்க்கொண்டிருந்த இடம்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணப் பிரசங்கம் செய்வதில் பெயர் பெற்றவர். மகனுக்கு முதல் வாத்தியார் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம். கூடப் படித்தவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். இந்தக் கவிராயரின் மாணவர்தான் பிற்காலத்தில் சினிமாவுக்குப் பாட்டெழுதிய உடுமலை நாராயணகவி. அந்தக் காலத்தில் ஒரே திண்ணையில் நாடகமும் சினிமாவும் முளைத்திருக்கிறது பாருங்கள்.

படித்து முடித்தவர் உப்பு வியாபாரத்தில் கணக்கு எழுதப் போனார். இருபத்து நான்கு வயது வரைக்கும் உப்புக் கணக்குதான். பிறகு அதை விட்டுவிட்டு நாடகத்தில் இறங்கிவிட்டார். ஆசிரியராக மட்டுமில்லை, நடிகராகவும். இரணியன், இராவணன், யமன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேஷங்களே அவருக்குப் பொருந்தியதாம். ஒரு நாள் ராத்திரி நாடகம் முடிந்து, விடியற்காலையில் வேஷத்தைக் கலைக்கத் தண்ணீர்த் துறைக்குப் போனபோது, அங்கே வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அலறி விழுந்து, அவளுக்குப் பெருங்கேடு நேர்ந்துவிட்டது என்று சொல்லுவார்கள். அதோடு அரிதாரம் பூசுவதையே விட்டுவிட்டார். துறவி போலக் கோயில் கோயிலாக அலைந்தார். சுவாமிகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். கடைசி வரைக்கும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அலைந்தவரைப் பிடித்து நிறுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக் கொடுத்த மகா வித்துவான். சுவாமிகளைத் தன் மகன் போலவே வைத்துக்கொண்டார். தாளமும் லயமும் அவரிடம் கற்றதால்தான் சுவாமிகளின் சந்தப் பாட்டுகளைப் படிக்கும்போதே காலில் தாளம் வருகிறது. சங்கீதம் தெரியாத எனக்கே வருகிறது என்றால் பாருங்கள்.

மறுபடி நாடகத்துக்கு வந்தவர் எழுதிக் குவித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சதி சுலோசனா, அபிமன்யு சுந்தரி இப்படி. அறுபதுக்கு மேல் என்று சொல்கிறார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். அபிமன்யு நாடகத்தை ஒரே ராத்திரியில், நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் அவ்வை டி.கே. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஒர்க்ஷாப் ரெக்கார்டை எழுதி முடிக்கவே நமக்கு மூன்று ராத்திரி ஆகிறது.

அதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் வசன நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். படித்தவர்கள், வக்கீல்கள் பார்க்கிற நாடகம். சுவாமிகளுடையது அப்படியில்லை. அதில் கோபம் வந்தாலும் பாட்டு, வாக்குவாதம் என்றாலும் பாட்டு. வேடனாக வந்த முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்ய ஆரம்பித்தால் ஒரு ஜாமம் ஓடிவிடும். ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் இன்னும் நீளும். அம்மானையாகவும் கூத்தாகவும் ஜனங்கள் வாயில் இருந்த கதைகளைத்தான் அவர் எடுத்து, வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் போட்டு, இன்னாருக்கு இன்ன பாட்டு, இன்ன வசனம் என்று கட்டிக் கொடுத்தார்.

ஏன் கட்ட வேண்டி வந்தது? அதுவரை மேடையில் ஆளாளுக்குத் தோன்றியதைப் பேசுவார்கள். பபூன் பேச்சு எல்லை மீறும். பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வருவார்கள், பாடம் படிக்கமாட்டார்கள். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் நாடகக் கொட்டகைப் பக்கமே வரமாட்டார்கள். இதைப் பார்த்து வெறுத்துப் போன சுவாமிகள் பெரியவர்களை விட்டுவிட்டுச் சிறுவர்களை வைத்துச் சபை தொடங்கினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. முதலாவதில் எஸ்.ஜி. கிட்டப்பா பயிற்சி பெற்றார். இரண்டாவதில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். வீட்டார் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி நாடகத்தை ஆக்கியது இந்தப் பையன்கள்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. 1912இல் பிறந்த சண்முகம் சபையில் சேர்ந்தபோது வயது ஆறு. அந்த வயதில் நான் ஒண்ணாங் கிளாஸில் சத்துணவுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ராத்திரி முழுக்கக் கண் விழிப்பு, ஊர் ஊராக ஓட்டம். சுவாமிகள் கண்டிப்பானவர். அவரிடம் தமிழ் கற்றவர்கள் பிற்காலத்தில் பெரிய மேதைகள் ஆனார்கள் என்பது உண்மை. பெயர் தெரியாமல் போன பையன்கள் எத்தனை பேர் என்று யார் எழுதி வைத்தார்கள்? அப்பாவிடம் இதைச் சொன்னேன். தானும் ஒன்பது வயசில் சாந்துச் சட்டி தூக்கியவன்தான், எனக்கு யாரும் பாட்டு சொல்லித் தரவில்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தது மட்டுமில்லை, பேச்சும் போய்விட்டது. ஒரே ராத்திரியில் நூறு பாட்டு எழுதியவருக்கு வாய் வரவில்லை! அப்படியும் சபையை விட்டுப் பிரியவில்லை. பையன்கள் போகிற ஊருக்கெல்லாம் அவரும் போனார். அப்படித்தான் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த நம் ஊருக்கு வந்தார்கள். 1922 நவம்பர் 13ஆம் தேதி இரவு, சபை இங்கே முகாமிட்டிருந்தபோது, சுவாமிகள் காலமானார். பாரதியார் பத்து வருஷம் இங்கே வாழ்ந்துவிட்டுப் போய், 1921இல் சென்னையில் இறந்தார். அவரை இந்த ஊர் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. இவரையும் கொஞ்சம் வைத்திருக்கலாம்.

தமிழில் பேசும் படம் வந்தது 1931இல், காளிதாஸ். சுவாமிகள் போய் ஒன்பது வருஷம் கழித்து. ஆனால் ஆரம்ப காலத்துப் படங்களின் பட்டியலைப் பார்த்தால் அவர் செத்துப்போனவர் மாதிரியே தெரியவில்லை. 1933இல் டி.பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் வந்து நன்றாக ஓடியது. 1934இல் கே. சுப்பிரமணியம் தம் முதல் படமாகப் பவளக்கொடியை எடுத்தார். மேடையில் அர்ஜுனனாகவும் பவளக்கொடியாகவும் நடித்துக்கொண்டிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் அப்படியே கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பாட்டுகள் மட்டும் சுமார் ஐம்பது!

நாடகத்தைச் சினிமா ஆக்குவது சும்மா இல்லை. இதில் நம் பாடமும் கொஞ்சம் வருகிறது. ஒரு ரீல் ஆயிரம் அடி. நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடினால் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மேடையில் ஒரு தர்க்கப் பாட்டே அதைவிட நீளம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை நடந்ததை மூன்று மணி நேரத்தில் அடைக்க வேண்டும். அடைத்தபோது வசனம் குறைந்தது, பபூனின் பேச்சு குறைந்தது, தர்க்கம் சுருங்கியது. பாட்டுதான் தப்பித்தது. இன்னொன்று, அப்போது பின்னணி பாடுவது கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் ஒதுங்கி நின்று வாசிக்க வேண்டும். சத்தமாகச் சுத்தமாகப் பாடத் தெரிந்த ஆட்களுக்கு முதலாளிகள் எங்கே போவார்கள்? நாடகக் கம்பெனிக்குத்தான். சுவாமிகள் அரிச்சுவடியிலிருந்து சொல்லிக் கொடுத்து வளர்த்த பரம்பரைக்குத்தான்.

கிட்டப்பா மட்டும் படத்துக்கு வரவில்லை. கே.பி. சுந்தராம்பாளோடு அவர் மேடையில் நடித்த வள்ளி திருமணத்துக்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள் என்பார்கள். வள்ளி திருமணம் படமாக வந்த அதே 1933இல், டிசம்பர் மாதம், இருபத்தேழு வயதில் போய்விட்டார். அவர் பாணியிலேயே உச்சஸ்தாயியில் பாடிய டி.ஆர். மகாலிங்கம் 1945இல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீவள்ளியில் முருகனாக வந்தார். வள்ளி குமாரி ருக்மணி. ஆனால் குரல் அவருடையது இல்லை, பி.ஏ. பெரியநாயகியுடையது. பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும் என்ற சுவாமிகள் காலத்துச் சட்டம் உடைய ஆரம்பித்த இடங்களில் இதுவும் ஒன்று. மறுபடியும் 1961இல் கலரில் ஒரு ஸ்ரீவள்ளி. சிவாஜி முருகன், பத்மினி வள்ளி. பழைய முருகனான மகாலிங்கம் இதில் நாரதர்.

ஆயா பார்த்தது இந்தக் கலர் படத்தைத்தான். வானூர் பக்கத்தில் அது சின்னப் பெண்ணாக இருந்தபோது டூரிங் டாக்கீஸில். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பமாட்டார்களாம். வீட்டுக் கூரைக்கு ஸ்பீக்கர் சத்தம் வரும், படுத்துக்கொண்டே கேட்பார்களாம். சாமிப் படம் என்றதும் மொத்தக் குடும்பமும் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததாம். ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிற கதை எப்படிக் குடும்பப் படம் ஆகும் என்று நான் கேட்டேன். ஆயா சிரித்ததே தவிரப் பதில் சொல்லவில்லை.

நூலகத்திலிருந்து எடுத்து வந்த வள்ளி திருமணத்தை ஒரு நாள் சாயங்காலம் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குப் பதம் பிரிக்கத் தெரியாமல் ஒரு இடத்தில் திக்கி நின்றுவிட்டேன். அரிசியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஆயா மிச்சத்தைச் சொன்னது. சந்தேகப்பட்டு அடுத்த பாட்டில் வேண்டுமென்றே நிறுத்தினேன். அதையும் சொன்னது. மூன்றாவது பாட்டில் புத்தகத்தில் இருப்பதும் ஆயா சொன்னதும் ஒரு வார்த்தை வித்தியாசம். புத்தகத்தில்தான் தப்பு என்று ஆயா அடித்துச் சொல்லிவிட்டது. இந்த வீட்டில் முதலில் படித்தவன் நான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகம் என்று நடக்கிறது. முருகன் ஒரு ஊரிலிருந்து, வள்ளி ஒரு ஊரிலிருந்து, நாரதர் வேறு ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். ஒத்திகை கிடையாது. நேரே மேடை ஏறி விடிய விடிய நடிப்பார்கள். எல்லோருக்கும் பாடம் ஒன்றே என்பதால் முடிகிறது, அது சுவாமிகளின் பாடம். ஒரே அளவுக்குக் கடைந்த நட்டும் போல்ட்டும் எந்தப் பட்டறையில் செய்தாலும் பொருந்துவது மாதிரி! சென்னையில் நடிகர் சங்கத் தேர்தல் 2019இல் நடந்தபோது ஒரு அணிக்கே சுவாமி சங்கரதாஸ் பெயர் வைத்தார்கள். நம் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைக்கும் அவர் பெயர்தான். காலாப்பட்டுக்குப் படிக்கப் போகும் அண்ணன்கள் அந்தப் பலகையைப் பார்த்திருப்பார்கள்.

போன மாதம் ஆயாவைக் கூட்டிக்கொண்டு கருவடிக்குப்பம் போனேன். இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி நடந்தோம். சித்தானந்தர் கோயிலுக்கு வழி கேட்டால் எல்லோருக்கும் தெரிகிறது, சுவாமிகள் சமாதிக்கு இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. நவம்பர் 13 வந்தால் நாடகக் கலைஞர்கள் மாலையோடு வருவார்கள். நாங்கள் போனது சாதாரண நாள், யாரும் இல்லை. ஆயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றது. எந்த வருஷம் போனார் என்று கேட்டது. 1922 என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, எங்க அம்மாவே அப்ப பொறக்கல என்றது. சூடம் வாங்கி வந்திருக்கலாமே, சொல்லக் கூடாதா என்று என்னைத் திட்டியது.

திரும்பும்போது சிவாஜி சிலை நிறுத்தத்தில் டீ குடித்தோம். பஸ் வர நேரமானது. ஆயா சிலையை அண்ணாந்து பார்த்து, அந்தப் படத்துல இவர்தான்டா முருகன் என்று டீக்கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.