வைகையைப் படம் பிடித்த கேப்டன்... 1858-ல் ஒரு போட்டோ டூர்!

தேனிப் பக்கம் பைக் ரைடு போனவங்க, உங்க போன் கேலரியைக் கொஞ்சம் திறந்து பாருங்க. போடிமெட்டு வளைவுல ஒரு படம், மேகமலை டீ எஸ்டேட்ல நாலு, சுருளி அருவியில செல்ஃபி, கம்பத்துல திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஒரு ரீல். ஒரே நாள்ல இருநூறு படம்கூட சேர்ந்திருக்கும். ஆனா வீட்டுக்கு வந்து பார்த்தா, நம்ம படமும் போன மாசம் ஃப்ரெண்ட் எடுத்த படமும் ஒரே மாதிரி இருக்கும். புது இடத்துக்குப் போனா புதுசா ஏதாவது தோணும்னுதானே போனோம்... எங்கே மிஸ் ஆச்சு?

இதற்கான பதில், மாட்டு வண்டிகளில் கேமராவை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். தமிழ்நாட்டின் மலைகளையும் கோயில்களையும் ஆறுகளையும் முதன்முதலாகப் பெரிய அளவில் படம் பிடித்தவர்களில் ஒருவர்.

லீவில் கற்ற கலை

1822 ஏப்ரல் 14. இங்கிலாந்தின் துறைமுக ஊரான டெவன்போர்ட்டில் பிறந்தார் ட்ரைப். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒன்பதாவது பிள்ளை. டீன் ஏஜிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கும் புகைப்படத்துக்கும் எந்த சம்பந்தமும் இல்லை.

1850-ல் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனார். அங்கேதான் கதை மாறியது. புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமாகிப் பத்துப் பதினைந்து வருடங்களே ஆகியிருந்த காலம் அது. நேரமும் வசதியும் இருந்தவர்களுக்கு அது புது ஹாபி. 1853-ல் லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டியில் ட்ரைப் உறுப்பினர் ஆனார். சொந்த ஊர் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எடுத்துப் பழகினார்.

1854-ல் கேப்டனாக பெங்களூரு திரும்பியபோது, பழைய இந்தியாவே அவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தது. அந்த டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். அடுத்த வருடம் மெட்ராஸ் கண்காட்சியில் அந்தப் படங்களை வைத்தார். முதல் தரப் பதக்கம் கிடைத்தது. இத்தனை வருஷமா இருந்த அதே நாடுதான். கையில கேமரா வந்ததும் பார்க்கிற விதம் மாறிடுச்சு!

பர்மா கொடுத்த பாடம்

1855-ல் பெரிய வாய்ப்பு வந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பர்மிய மன்னர் மின்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் புகைப்படக்காரராக ட்ரைப்புக்கு இடம் கிடைத்தது. ஐராவதி ஆற்றில் பயணித்து, பழைய பகானையும் அப்போதைய தலைநகர் அமரபுராவையும் எடுத்தார்.

கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் நிஜம் வேறு. மழை, மேகமூட்டம், நடுவில் உடம்புக்கும் முடியாமல் போனது. இன்னொரு வேதனை, அவர் பயன்படுத்திய முறை. பிலிம் என்ற பொருளே அப்போது கிடையாது. மெழுகு ஏற்றிய காகிதத்தில் வெள்ளி ரசாயனம் பூசி, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு தாளும் சுமார் 12-க்கு 15 அங்குலம். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். நடுவில் காற்றடித்தால் மரம் கலங்கிவிடும். ஒருத்தர் நடந்து போனால் படத்தில் பேய் மாதிரி ஒரு தீற்றல்தான் மிஞ்சும்.

அதனால் இஷ்டத்துக்கு க்ளிக் பண்ண முடியாது. எங்கே நிற்பது, வெளிச்சம் எப்போது எந்தப் பக்கம் விழும், எதை ஃப்ரேமுக்கு வெளியே விடுவது... எல்லாவற்றையும் முதலில் கண்ணால் முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் அவரை வளர்த்தது. பெங்களூரு திரும்பி, 120 படங்களை 50 செட் பிரின்ட் போட்டார். கணக்குப் போட்டால் 6,000 பிரின்ட்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து, கையால் செய்தது.

இன்னொரு சுவாரஸ்யம். அந்தக் காகித நெகட்டிவிலிருந்து போட்ட பிரின்ட்டில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். நீல நிறத்தின் மீது அந்த ரசாயனத்துக்கு அவ்வளவு கூச்சம். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? சில நெகட்டிவ்களில் பிரஷ்ஷால் மேகங்களைத் தீட்டினார். நம்ம போன்ல வானத்தை மாத்துற எடிட்டிங், அன்னைக்கே இருந்திருக்கு!

மதுரைக்கு வந்த கேமரா

1856-ல் மெட்ராஸ் அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. கம்பெனிக்கு இது கலை ஆர்வம் மட்டும் இல்லை. தான் ஆளும் நிலத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வேலையும்கூட. அதுவும் 1857 கிளர்ச்சியால் நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வருட டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார் ட்ரைப். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம் என்று வந்து, 1858 ஜனவரி, பிப்ரவரியில் மதுரையில் இருந்தார்.

மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்தார். ஆனால் லேண்ட்ஸ்கேப் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய படங்கள் வேறு இரண்டு. ஒன்று யானைமலை. ஒத்தக்கடைப் பக்கம் போகிற எல்லோரும் யானை படுத்திருக்கிற நீளவாட்டில்தான் அதை எடுப்போம். ட்ரைப் அந்த மலையின் ஒரு முனைக்குப் போய் நின்றும் எடுத்தார்.

இன்னொன்று வைகை. ஆற்றைக் கடக்கும் பாதை, அக்கரையில் மதுரை. தேனிக்காரர்களுக்கு இது சொந்தக்காரர் வீட்டுப் பழைய ஆல்பம் மாதிரி. வைகை பிறப்பதே தேனி மாவட்டத்து வருசநாட்டு மலைகளில்தானே! அவர் படம் எடுத்த நாளில் முல்லைப் பெரியாறு தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்குள் வரவில்லை. அது 1895-ல்தான் வந்தது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை திறந்தது 1959-ல். இரண்டுக்கும் முந்தைய வைகையின் முகம் அந்தப் படத்தில் இருக்கிறது. அழகாக எடுக்க நினைத்த ஒரு படம், பின்னாளில் ஆற்றின் சாட்சியாகவும் ஆகிவிட்டது.

அங்கிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர். பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே ஃப்ரேமில் அடக்க முடியாது. அதனால் 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. போனை மெதுவாகத் திருப்பி நாம் எடுக்கும் பனோரமாவுக்கு, இது தாத்தாவுக்கும் தாத்தா.

உச்சியில் விழுந்த பூட்டு

இதெல்லாம் நடந்து ஒரு வருடம்தான். 1859-ல் மெட்ராஸுக்குப் புது கவர்னராக சார்லஸ் ட்ரெவெல்யன் வந்தார். கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி. புகைப்படத் துறை வெறும் ஆடம்பரச் செலவு என்று அவருக்குப் பட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ல் கடையே மூடப்பட்டது.

ட்ரைப்புக்கு அப்போது 38 வயது. கை நன்றாகப் பழகி, கண் கூர்மையாகி, அடுத்து எங்கே போவது என்று யோசிக்க வேண்டிய நேரம். பிறகும் ராணுவத்தில் பல வருடங்கள் இருந்தார், பதவி உயர்ந்தது. ஆனால் கேமராவைப் பெரிய அளவில் திரும்ப எடுக்கவே இல்லை. 1902 மார்ச் 2 அன்று, பிறந்த அதே டெவன்போர்ட்டில், 79 வயதில் காலமானார். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் அவர் படங்களுக்காகத் தனிக் கண்காட்சி நடந்தது. நம்ம யானைமலை அவ்வளவு தூரம் பேர் வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் முழுமூச்சாகப் படம் எடுத்த காலம் பத்து வருடம்கூட வராது. அதற்குள் இத்தனையும் சாத்தியமானதற்கு, போன இடங்கள் மட்டும் காரணம் இல்லை. போன இடத்தில் நின்ற நேரம்தான் காரணம்.

அடுத்த தடவை கம்பம் பக்கம் போறீங்களா? ஒரு சின்ன விளையாட்டு. நாள் முழுக்கப் பத்தே பத்து படம்தான்னு முடிவு பண்ணிக்கோங்க. எல்லோரும் வண்டி நிறுத்துற வியூ பாயின்ட்டைத் தாண்டி, மலையோட மறுபக்கம் எங்கேன்னு விசாரிங்க. போனை எடுக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. மேகம் நகரும், வயல்ல வெளிச்சம் மாறும், அதுவரை கண்ணுல படாத ஒண்ணு தெரியும்.

தேனியே சொந்த ஊர்னா இன்னும் நல்லது. தினமும் பாலத்துல கடந்து போற ஆற்றை, அங்கே முதல் தடவை வந்த ஆள் மாதிரி ஒரு படம் எடுத்து வைங்க. தேதியையும் எழுதி வைங்க. நாளைக்கு அந்த ஆறு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?