கொடி தந்த பிங்கலி வெங்கையா

சுதந்திர தினம் வந்தால் நம் மதரஸாக்களிலும் மூவண்ணக் கொடி ஏற்றப்படுகிறது. அதன் முதல் வடிவத்தைத் தந்தவரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

பிங்கலி வெங்கையா 1876 ஆகஸ்ட் 2 அன்று, ஆந்திராவின் மசூலிப்பட்டினம் அருகே பட்லபெனுமர்ரு கிராமத்தில் பிறந்தார். இளம் வயதில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, போயர் போருக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கேதான் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. ஊர் திரும்பியபின் பருத்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஜப்பானிய மொழியும் கற்றார். ஆனாலும் அவர் மனம் முழுவதும் கொடியிலேயே இருந்தது. 1916-இல், நாட்டுக்கான 30 கொடி வடிவங்களுடன் ஒரு நூலை வெளியிட்டார்.

1921-இல் விஜயவாடாவில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, சிவப்பும் பச்சையும் கொண்ட கொடியை காந்தியடிகளிடம் கொடுத்தார். சிவப்பு இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் குறித்தன. மற்ற சமுதாயங்களுக்காக காந்தியடிகள் வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார். நடுவில் இராட்டை இடம்பெற்றது.

சமுதாயத்துக்கு ஒரு நிறம் என்றால், எங்கள் நிறம் எங்கே என்ற கேள்வி வரத்தானே செய்யும்? சீக்கியர்கள் அப்படித்தான் கேட்டார்கள். எனவே 1931-இல் சிவப்புக்குப் பதில் காவி வந்தது. நிறங்கள் எந்த மதத்தையும் குறிக்கவில்லை என்றும் காங்கிரஸ் அறிவித்தது. காவி தைரியமும் தியாகமும், வெள்ளை அமைதியும் வாய்மையும், பச்சை நம்பிக்கையும் வீரமும் என்று விளக்கம் தரப்பட்டது.

1947-இல் கொடியை முடிவுசெய்த குழுவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இருந்தார். இராட்டையின் இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் வந்தது. ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது. முஸ்லிம் லீக்கின் சௌத்ரி கலீகுஸ்ஸமானும் ஆதரித்துப் பேசினார்.

இன்றும் பச்சை நம்முடையது, காவி அவர்களுடையது என்று நம் மேடைகளிலேயே சிலர் பேசுகிறார்கள். 1931-லேயே கைவிடப்பட்ட கணக்கு அது. ஒரு பட்டையை மட்டும் நமதென்றால், மற்ற இரண்டையும் நாமே விட்டுக்கொடுத்தவர்களாவோம். முழுக் கொடியும் நமது. தியாகமும் வாய்மையும் ஒரு முஃமினுக்கு அந்நியமா என்ன?

வெங்கையா 1963 ஜூலை 4 அன்று வறுமையில் மறைந்தார். 2009-இல்தான் அவருக்கு அஞ்சல்தலை வெளியானது. மனிதர்களுக்கு நன்றி பாராட்டுவதும் நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பே. வரும் சுதந்திர தினத்தில் அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நீதியுடனும் நல்லிணக்கத்துடனும் இந்நாட்டில் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!