நீரில் பயிர் வளர்த்த அறிஞர்

தென்னாப்பிரிக்காவின் ஈர நிலங்களில் இயல்பாகத் தழைத்து வளர்வது காலா லில்லி என்னும் செடி. சங்கைப்போல் சுருண்டு விரிந்த அதன் வெண்ணிற மடலை மலர் என்றே பலரும் கருதுவர். இத்தகைய செடிகளை இன்று மலர் வளர்ப்போர் சிலர், மண் சிறிதும் இன்றி, சத்துகள் கரைந்த நீரிலேயே வளர்க்கின்றனர். மண் இன்றிச் செடி வாழுமோ என ஐயுறுவார்க்கு விடை கூறுவது ஓர் அறிஞரின் வாழ்க்கை. அவரே ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் ஆவார்.

சாக்ஸ் 1832-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பிரெஸ்லௌ நகரில் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் வ்ரோத்ஸ்வாஃப் என்னும் பெயருடன் விளங்குகிறது. அவருடைய தந்தையார் படம் செதுக்கும் தொழில் செய்து வந்தவர். குடும்பத்தில் செல்வம் இல்லை. எனினும் தந்தை தம் மைந்தனுக்குக் கோடு பிறழாமல் வரையும் கலையைக் கற்றுக் கொடுத்தார். சிறுவன் சாக்ஸ் செடி கொடிகளைத் தேடிச் சேர்ப்பான். அவற்றின் இலையையும் பூவையும் நுணுகி நோக்கி வரைவான். கண்டதை உள்ளவாறே வரையும் பழக்கம், கண்டதை உள்ளவாறே ஆராயும் பழக்கமாகவும் வளர்ந்தது.

இந்நிலையில் பெருந்துன்பம் வந்து சூழ்ந்தது. இளமையிலேயே சாக்ஸ் தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். பொருளும் இல்லை, தாங்குவாரும் இல்லை. கல்வி அத்துடன் முடிந்துவிடுமோ என்னும் நிலை ஏற்பட்டது. அப்பொழுது அவருக்குக் கை கொடுத்தவர் புர்க்கினே என்னும் உடலியல் பேராசிரியர். தம் மக்களின் விளையாட்டுத் தோழனாகிய அவ்விளைஞனின் திறமையை அவர் முன்பே அறிந்திருந்தார். பிராக் நகரப் பல்கலைக் கழகத்துக்குச் சென்ற அப்பேராசிரியர், 1851-ஆம் ஆண்டில் சாக்ஸைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு, படம் வரையும் பணியைத் தந்தார். சாக்ஸ் பணி புரிந்துகொண்டே பயின்று, 1856-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் 1859-இல் தாரண்ட் என்னும் ஊரிலிருந்த வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார்.

செடி உண்ணும் உணவு யாது? இவ்வினா அறிஞர்களை நெடுங்காலம் மயக்கி வந்தது. மக்கிய இலையும் தழையும் கலந்த மண்ணையே செடி உண்கிறது என்று பலர் நம்பினர். செடிக்கு வேண்டுவன தாது உப்புகளே என்று லீபிக் என்னும் வேதியியல் அறிஞர் 1840-இல் வலியுறுத்தினார். எனினும், மண்ணில் எத்தனையோ பொருள்கள் கலந்திருத்தலின், செடி எதனை ஏற்கிறது, எதனை விலக்குகிறது என்று பிரித்துக் காண்பது அரிதாயிற்று. மண்ணையே நீக்கிவிட்டால் ஐயம் தீரும் அன்றோ? சாக்ஸ் அவ்வழியையே மேற்கொண்டார்.

விதைகளை ஈர மரத்தூளில் முளைக்க வைத்தார். முளைத்த நாற்றைத் தக்கையில் பொருத்திக் கண்ணாடிக் கலத்தின் வாயில் நிறுத்தினார். தண்டு மேலே நிற்க, வேர் மட்டும் நீரில் தோய்ந்திருந்தது. ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும், கால்சியம் பாஸ்பேட், கால்சியம் சல்பேட், மக்னீசியம் சல்பேட் ஆகியன அரைக் கிராம் வீதமும், சிறிதளவு சமையல் உப்பும், மிகச் சிறிதளவு இரும்பு உப்பும் கரைக்கப்பட்டன. மண்ணைக் காணாத மக்காச்சோளச் செடி இந்நீரிலே ஓங்கி வளர்ந்தது. இம்முறையை அவர் 1860-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே காலத்தில் வில்ஹெல்ம் நாப் என்னும் அறிஞரும் தனியே இத்துறையில் வெற்றி கண்டார். ஆதலின், இப்பெருமை இருவர்க்கும் உரியது.

உப்புகளுள் ஒன்றை மட்டும் நீக்கிப் பார்த்தால் அதன் இன்றியமையாமை விளங்கும். இரும்பு இல்லாத நீரில் வளரும் செடியின் இளந்தளிர்கள் பச்சை நிறம் பெறாமல் வெளிறிப் போகும். மற்றச் சத்துகள் நிறைந்திருந்தும் செடி தேய்ந்து மெலியும். உரிய காலத்தில் சிறிதளவு இரும்பு உப்பைச் சேர்த்தால், வெளிறிய இலை மீண்டும் பசுமை பெறும்.

நீரிலுள்ள உப்புகளால் மட்டும் செடியின் உடல் முழுவதும் அமைந்துவிடுமோ? அன்று. சாக்ஸ் 1861 முதல் பான் நகரை அடுத்த பாப்பல்ஸ்டார்ப் வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். ஒளி படும் பசிய இலையில் மாவுப்பொருள் உண்டாவதை அங்கு அவர் மெய்ப்பித்தார். வெயிலில் நின்ற இலையின் பச்சையை நீக்கி அயோடின் கரைசலில் இட்டால் அது கருநீலமாகும். ஒளி மறைக்கப்பட்ட பகுதி அந்நிறம் பெறாது. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் இலை உணவைச் சமைக்கிறது. வேரோ நீரையும் தாது உப்புகளையும் தருகிறது.

1868-ஆம் ஆண்டில் சாக்ஸ் வூர்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே அவருடைய தாவரவியல் பாடநூலும் வெளிவந்தது. அதிலுள்ள படங்கள் பலவற்றை அவரே வரைந்தார். தந்தை கற்பித்த கலை வீண் போகவில்லை. பல நாட்டு மாணவர் அவரை நாடி வந்தனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஹியூகோ டி விரிஸ் அவர்களுள் ஒருவர். இறுதி ஆண்டுகளில் நோய் வருத்தியபோதும் உழைப்பைக் கைவிடாத சாக்ஸ், 1897-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் மறைந்தார்.

ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றிய அம்முறை பின்னர்த் தோட்டங்களுக்கும் பரவியது. அமெரிக்க அறிஞர் கெரிக்கே 1937-இல் அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை வழங்கினார். இன்று தக்காளியும் கீரையும் காலா லில்லியும் மண்ணின்றி வளர்கின்றன. வேருக்குக் காற்றும், இலைக்கு ஒளியும், நீரில் அளவறிந்த சத்தும் இருத்தல் வேண்டும் என்பதே வளர்ப்போர் மறவாத நெறி.

அளவில் சிறியது பயனில் சிறியதன்று. வெளிறிய செடிக்குச் சிறிதளவு இரும்பு உயிரூட்டியது. ஆதரவற்ற இளைஞனுக்கு ஓர் ஆசிரியர் அளித்த சிறு பணி வாழ்வூட்டியது. காலத்தினால் செய்த அவ்வுதவி, உலகுக்கு ஒரு பேரறிஞரைத் தந்தது.