ஜானி என்கிற ஏமி

எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு பைலட் ஆகணும்னு ஆசை. கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுக்கான பணம் வீட்ல கிடையாது. அதனால முதல்ல ஏர்போர்ட்ல ஃபிளைட் டிஸ்பாட்சர் வேலை, சம்பளத்தைச் சேர்த்து வச்சு டிரெய்னிங்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். டிஸ்பாட்சர்னா தரையில உட்கார்ந்து ரூட், வானிலை, எரிபொருள் எல்லாம் பார்த்து விமானத்தை அனுப்பி வைக்கிறவர். ஊரையெல்லாம் பறக்க விட்டுட்டு நீ எப்போடா பறப்பேன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். ஏமி ஜான்சனைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம் நான் மட்டும் நிறுத்திட்டேன்.

ஏமி 1903 ஜூலை 1-ல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. நாலு பெண்களில் ஏமிதான் மூத்தவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிச்சுப் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கின பெண்ணுக்கு அன்னிக்குக் கிடைச்ச வேலை என்னவோ சுருக்கெழுத்தும் டைப்பிங்கும்தான். பல வருஷம் இழுத்த ஒரு காதலும் கைகூடல. 1928-ல் அந்த மனிதர் வேறொரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்போ ஏமி லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிச்சிக்கிட்டிருந்தார்.

அதே வருஷம் லண்டன் ஓரத்தில் இருந்த ஸ்டேக் லேன் விமானத் திடலில் பறக்கக் கத்துக்கச் சேர்ந்தார். அந்த கிளப்புக்கு அரசு மானியம் இருந்ததால டைப்பிஸ்ட் சம்பளத்துக்கும் கட்டுப்படியாச்சு. ஆனா ஏமி ஒண்ணும் பிறவி மேதை கிடையாது. முதல் ஆசிரியருக்கு இவர் மேல நம்பிக்கையே வரல. தனியாப் பறக்க விடுறதுக்கு முன்னாடி 15 மணி 45 நிமிஷம் பயிற்சி தேவைப்பட்டது. மத்தவங்களுக்கு ஆனதை விட அது அதிகம். தரையிறக்குறது கடைசி வரைக்கும் அவருக்குச் சரியா வந்ததே இல்லை.

நிஜமான கதை ஹேங்கரில்தான் நடந்தது. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி விடிகாலையிலேயே ஸ்டேக் லேன் போய், தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸ்கிட்ட எஞ்சின் வேலை கத்துக்க ஆரம்பிச்சார். முழுக்க ஆம்பளைங்க வேலை பார்த்த இடம். கிரீஸ் அப்பின கையோட, எஞ்சினைப் பிரிச்சு மாட்டிக்கிட்டு நின்ன இந்தப் பெண்ணுக்கு அவங்க வச்ச பேரு ஜானி. அப்புறம் ஆபீஸ் வேலையையே விட்டுட்டு ஹேங்கரிலேயே முழு நேரமும் இருந்தார். 1929 ஜூலையில் பைலட் லைசென்ஸ். அதே வருஷம் டிசம்பரில் தரைப் பொறியாளருக்கான 'சி' லைசென்ஸ். அதாவது, ஒரு எஞ்சினைச் சோதிச்சுப் பார்த்து இது பறக்கத் தகுதியானதுன்னு கையெழுத்துப் போடுற உரிமை. அதை வாங்கின முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

பைலட் லைசென்ஸ் வாங்கின பெண்கள் அவருக்கு முன்னாடியே இருந்தாங்க. பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பெண்கள். அதனாலதான் எனக்கு இந்த இரண்டாவது லைசென்ஸ் பெருசாத் தெரியுது.

அடுத்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாப் பறக்கணும்னு முடிவு பண்ணினார். அதுவரைக்கும் அவர் பறந்ததிலேயே நீளமான பயணம் லண்டனிலிருந்து ஹல், சுமார் 240 கிலோமீட்டர்! அப்பாவும் எண்ணெய் வியாபாரி வேக்ஃபீல்டு பிரபுவும் பணம் போட, ஒரு பழைய ஜிப்ஸி மாத் விமானத்தை 600 பவுண்டுக்கு வாங்கினார். அப்பா வியாபாரத்தோட முத்திரைப் பெயரான ஜேசன் என்பதையே அதுக்கும் வச்சார். ரூட் போட்டுக் கொடுக்க டிஸ்பாட்சர் யாரும் கிடையாது. மேப்பில் இங்கிலாந்துக்கும் டார்வினுக்கும் நடுவில் கிட்டத்தட்ட நேர்கோடு ஒண்ணு இழுத்துக்கிட்டார். ரேடியோவும் கிடையாது.

1930 மே 5, கிராய்டனில் கிளம்பினபோது வழியனுப்ப ஒரு சின்னக் கூட்டம்தான். ஈராக்கில் மணல் புயல். பாலைவனத்தில் இறக்கி, சக்கரம் உருளாம பெட்டிகளை முட்டுக் கொடுத்து, கையில் துப்பாக்கியோட உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் கராச்சி. இந்தியா வரைக்குமான பழைய சாதனையை விட இரண்டு நாள் முன்னாடி! அதுக்கு அப்புறம்தான் பத்திரிகைக்காரங்க விழிச்சாங்க. ஜான்சியில் பெட்ரோல் தீர்ந்து ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இப்படி இறங்குற இடத்திலெல்லாம் சாப்பாடு, தூக்கத்துக்கு முன்னாடி எஞ்சின் வேலை. பிளக், ஃபில்டர், ஆயில்னு மணிக்கணக்கா. ஹேங்கரில் கத்துக்கிட்டது இதுக்குத்தான்.

ரங்கூனில்தான் பெரிய அடி. மழையில் பந்தயத் திடல் கண்ணுக்குத் தெரியாம, பக்கத்தில் இன்செய்னில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறக்கினார். விமானம் ஓடிப்போய் பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. இறக்கை கிழிஞ்சு, புரொப்பல்லர் உடைஞ்சு, சக்கரம் தாங்குற பகுதியும் போச்சு. நல்ல வேளை, அந்த மைதானம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியோடது. நம்ம மாதிரி பசங்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வேலையில் இறங்கிட்டாங்க. இறக்கைக்குத் துணி எங்கே போறது? முதல் உலகப் போரில் மிஞ்சின விமானத் துணியில் தைச்ச சட்டைகள் அங்கே இருந்திருக்கு. அந்தச் சட்டைகளைப் பிரிச்சு இறக்கையில் ஒட்டினாங்க. ஏமி கையோட கொண்டு வந்திருந்த மாற்று புரொப்பல்லரை மாட்டினாங்க. மே 16-ல் ஜேசன் மறுபடி பறந்தது. நம்ம லேப்ல ஒரு நட்டு வேணும்னா எத்தனை கையெழுத்துன்னு யோசிச்சுப் பாருங்க.

மே 24, டார்வின். 19 நாள் சொச்சம், சுமார் 18,000 கிலோமீட்டர். பெர்ட் ஹிங்க்லர் 1928-ல் பதினாறு நாளுக்குள் போயிருந்ததால அந்தச் சாதனை முறியல. ஏமிக்கு அது வருத்தம். ஊருக்கு அதெல்லாம் கணக்கே இல்லை, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாப் பறந்த முதல் பெண் அவர். சில நாள் கழிச்சு பிரிஸ்பேனில், காத்திருந்த பெருங்கூட்டத்துக்கு முன்னாடியே தரையிறக்கும்போது விமானத்தைக் கவிழ்த்துட்டார். அதுக்கு அப்புறம் கொஞ்ச தூரம் பயணியாப் போக வேண்டி வந்தது. அதில் ஒரு விமானத்தை ஓட்டினவர் ஜிம் மாலிசன். 1932-ல் அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1938-ல் விவாகரத்து. நடுவில் கேப்டவுன் சாதனைகள், 1933-ல் அமெரிக்காவில் இரண்டு பேரும் அடிபட்ட விபத்து, இன்னும் நிறைய.

உலகப் போர் வந்ததும், தொழிற்சாலையிலிருந்து விமானப்படைத் தளங்களுக்கு விமானங்களைக் கொண்டு சேர்க்கிற வேலையில் சேர்ந்தார். ஆண்கள் ஓட்டின அதே விமானங்கள், சம்பளம் மட்டும் 20 சதவீதம் குறைவு. 1941 ஜனவரி 5-ல் பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு விமானத்தைக் கொண்டு போனார். மோசமான மேகம். அந்த விமானங்களிலும் ரேடியோ பயன்பாடு கிடையாது, யாரையும் கேட்க வழியில்லை. வழி தவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டோட குளிர்ந்த கடலில் விழுந்தார். பக்கத்தில் இருந்த கப்பலிலிருந்து அதன் கேப்டன் வால்டர் ஃபிளெட்சர் காப்பாத்தக் குதிச்சார். அவரும் பிழைக்கல. ஏமிக்கு வயசு 37. அவரோட பை கிடைச்சது, உடல் கிடைக்கவே இல்லை.

ஜேசன் இப்போ லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கு. கரும்பச்சை நிறம், பக்கவாட்டில் வெள்ளி எழுத்து. போட்டோவைக் கிளாஸ் குரூப்ல அனுப்பினேன். அவன் முதல்ல கேட்டது எஞ்சின் எத்தனை ஹார்ஸ்பவர்னுதான்.