வென்ற படை எழுதிய மன்னர்: ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் போர்ச் செய்தியும்

கண்டி வாவியின் ஓரமாக நடந்தால் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் கண்ணில் படும். வாவியை வெட்டுவித்தவரும் அந்த மண்டபத்தைக் கட்டுவித்தவரும் ஒருவரே: கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது வாவி அல்ல, உரல். எகலப்பொலவின் பிள்ளைகளின் தலைகளை வெட்டி, பெற்ற தாயையே உரலில் இட்டு இடிக்க வைத்தவர் என்ற கதை இருநூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கதையை உலகுக்குக் கொண்டு சென்றவர்கள் யார், அதனால் அவர்கள் பெற்றது என்ன என்ற கேள்வி மட்டும் அதிகம் கேட்கப்படவில்லை.

படையோடு போகிறவர் தரும் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்று போரை அனுபவித்த எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி வன்னியில் தொடங்கியதல்ல. கண்டி மன்னரின் வாழ்க்கை அதற்குப் பழைய சாட்சி.

அவரது இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழிவந்தவர். 1739 முதல் கண்டியை ஆண்டது அந்த வம்சமே. 1798இல் ராஜாதி ராஜசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, முதல் அதிகாரான பிலிமத்தலாவை இந்தப் பதினெட்டு வயது இளைஞரை அரியணை ஏற்றினார். இளைஞரைப் பொம்மையாக வைத்துத் தானே ஆள்வது அவர் எண்ணம். அதே பிலிமத்தலாவை, கரையோரத்தை ஆண்ட பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த்துடன் இரகசியமாகப் பேரமும் பேசினார்.

1803 ஜனவரி இறுதியில் நோர்த் படை அனுப்பினார். சொல்லப்பட்ட காரணம் பாக்கு. புத்தளம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தார்கள், நட்டஈடு கிடைக்கவில்லை என்பதே பகிரங்க விளக்கம். இரகசியப் பேரம் அந்த விளக்கத்தில் இல்லை. படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. பிரித்தானியர் தம்முடன் கொண்டுவந்த முத்துசாமியை மன்னராக்கிவிட்டு, ஒரு காவற்படையை நிறுத்தித் திரும்பினர்.

ஜூன் மாதம் நோயாலும் பசியாலும் நலிந்திருந்த அந்தப் படை சரணடைந்தது. மேஜர் டேவியின் தலைமையில் வெளியேறியவர்கள் வட்டாபுளுவையில் மகாவலியைக் கடக்க முடியாமல் நின்றார்கள். முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். பின்னர் படையினரும் கொல்லப்பட்டார்கள். கண்டியில் விடப்பட்ட நோயாளிகளும் தப்பவில்லை. இது நடந்தது, மறைக்க முடியாது. ஆனால் நோர்த்தின் பேரமும், நோயுற்ற படையைத் தகுந்த உணவின்றி மலைநாட்டில் விட்டதும் பின்னுக்குப் போய், மன்னரின் கொடூரம் மட்டும் முன்னுக்கு வந்தது. அதே மன்னர் டேவியைக் கொல்லவில்லை. அவர் பல வருடங்கள் கண்டியில் கைதியாக வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

அக்காலத்தில் இலங்கையில் சுயாதீனப் பத்திரிகை எதுவும் இல்லை. 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானியே அச்சில் வந்த செய்தி. போரை நடத்தியவரும் போரைப் பற்றி எழுதியவரும் ஒருவரே.

இந்த இடத்தில்தான் ஜோன் டொயிலி வருகிறார். சிங்களம் நன்கு கற்ற இவர் 1805 முதல் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர். பிக்குகள், வியாபாரிகள், அதிருப்தியுற்ற பிரதானிகள் என்று கண்டிக்குள் பெரிய உளவு வலையைப் பின்னினார். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வந்தது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நாள் நாளாக அதில் பதிவு இருக்கிறது. கண்டி அரண்மனைக்குள் நடந்தவை பற்றிக் கொழும்பு அறிந்ததில் பெரும்பகுதி, மன்னர் விழவேண்டும் என்று விரும்பியவர்களின் வாய்வழி வந்ததே.

1811இல் பிலிமத்தலாவை மன்னருக்கு எதிரான சதிக்காகக் கொல்லப்பட்டார். அடுத்து முதல் அதிகாரான எகலப்பொல 1814இல் சப்ரகமுவையில் கிளர்ந்து, தோற்று, பிரித்தானியரிடம் ஓடினார். கண்டியில் பணயமாக இருந்த அவரது மனைவியும் பிள்ளைகளும் மரணதண்டனைக்கு உள்ளானார்கள். பிள்ளைகளைக் கொன்றது எந்தச் சட்டத்தாலும் நியாயமாகாது. உரல் காட்சியோ, எதிரிகளின் வழியாகக் கொழும்புக்கு வந்த விவரம். இரண்டையும் ஒன்றாகக் கட்டியே எமக்குத் தந்திருக்கிறார்கள்.

அவ்வருட இறுதியில், பிரித்தானியப் பகுதியிலிருந்து வந்த பத்து வியாபாரிகளை ஒற்றர்கள் எனப் பிடித்து அங்கவீனப்படுத்தினார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மூவர் கொழும்பு திரும்பினார்கள். டொயிலியின் வலையில் வியாபாரிகளும் இருந்ததால் மன்னரின் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. அதற்காக அந்தப் பத்துப் பேரும் ஒற்றர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் ஆளுநர் பிரவுண்றிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 1815 ஜனவரி 10ஆம் திகதி போர்ப் பிரகடனம் வந்தது. போர் கண்டி மக்களுக்கு எதிரானதல்ல, மன்னருக்கு மட்டுமே எதிரானது; கொடுங்கோலிலிருந்து மக்களை விடுவிப்பதே நோக்கம் என்றது அது. மனிதாபிமான நடவடிக்கை என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்த நடை பழக்கமானதுதான்.

பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கம் ஒளிந்திருந்த மன்னரைப் பிடித்தது பிரித்தானியச் சிப்பாய்கள் அல்ல. அவர்களோடு வந்த எக்னலிகொடவின் ஆட்கள். மன்னரைக் கயிற்றால் கட்டி அவமதித்தார்கள். மார்ச் 2ஆம் திகதி கண்டி மண்டபத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மூன்றாம் பிரிவு மன்னரின் உறவினர்களை எதிரிகள் என்று அறிவித்து, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பிவரத் தடை விதித்தது. ஒருவரின் கொடுமையைச் சொல்லித் தொடங்கிய போர், ஒரு சமூகத்தை நாடுகடத்துவதில் முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தையே பயன்படுத்தினார்கள் என்பது தனிக்கதை.

அதே வருடம் லண்டனில் ஒரு நூல் வெளியானது. எழுதியவர் பெயர் இல்லை. சம்பவ இடத்தில் இருந்த ஒரு கனவான் என்று மட்டும் அட்டையில் போட்டார்கள். அங்கே இருந்தேன், ஆகவே நம்புங்கள் என்பதே அதன் தகுதி. யாருடைய பாதுகாப்பில் அங்கே இருந்தார் என்பதை வாசகர்தான் ஊகிக்க வேண்டும். பிரவுண்றிக்கும் டொயிலியும் பின்னர் பரோனெட் பட்டம் பெற்றார்கள். மன்னரின் சிம்மாசனம் விண்ட்சர் மாளிகைக்குப் போய், 1934இல்தான் திரும்பியது.

வெளியான கதை உண்மையா என்பதற்கு மூன்றே வருடத்தில் ஒரு சோதனை வந்தது. 1818 ஊவா கிளர்ச்சியில் மக்கள் திரண்டது, நாயக்கர் வம்சத்துத் துரைசாமி தானே என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் பின்னால். வெறுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட வம்சத்தின் பெயர் இன்னும் ஆட்களைத் திரட்டியது. கிளர்ச்சியை அடக்க ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்டன. இறந்த கண்டியர் 10,000க்குக் குறையாது என்பது அக்காலப் பிரித்தானியரின் மதிப்பீடே. அந்தக் கொடுமைக்கு எந்த உரலும் சின்னமாகவில்லை.

படைக்குள்ளேயே ஒருவர் சந்தேகப்பட்டார். இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் 1846இல் வெளியிட்ட இலங்கை நூலில், போருக்குச் சொன்ன காரணங்களைக் கேள்விக்கு உட்படுத்தினார். அவரும் சுத்தமான சாட்சி அல்லர். தலை வெட்டி மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கெப்பிட்டிபொலவின் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனவர் அவரே. ஆனாலும் தன் தரப்பின் அறிக்கையை அவர் அப்படியே விழுங்கவில்லை. அவர் எழுதியபோது மன்னர் இறந்து 14 வருடங்கள் ஆகியிருந்தன.

மன்னர் 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டார். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. தன் பக்கக் கதையை அவர் எழுதியிருந்தால் அதையும் நாம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கும். அதற்கான வாய்ப்பே அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

அவரைப் புனிதராக்க இதை எழுதவில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா.வின் சர்வதேசப் பணியாளர்கள் வன்னியிலிருந்து வெளியேறினார்கள். அதன்பின் படையினர் அழைத்துச் சென்ற செய்தியாளர்களே அங்கே போனார்கள். பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்றது அரசு. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு. அதே குழு, புலிகள் மக்களை வெளியேற விடாததையும் பதிவு செய்தது. அதை அன்று எமது பக்க ஊடகங்கள் சொல்லவில்லை. செய்தி தருபவர் யாருடைய வாகனத்தில் வந்தார், யாரிடம் பேச விடப்படவில்லை, அந்தச் செய்தியால் யாருக்கு என்ன கிடைத்தது என்பவற்றை எந்தத் தரப்பிடமும் கேட்க வேண்டும். கண்டி மன்னரைப் பற்றி 1815இல் இவற்றைக் கேட்க ஒரு பத்திரிகைகூட இருக்கவில்லை.