மயில்வாகனனார் என்னும் அறிவியல் ஆசிரியர்

பட்டாபிராமில் நம் வட்டம் கூடிய மாலைகளில் விபுலானந்த அடிகளின் பெயர் பலமுறை ஒலித்ததுண்டு. ஒலித்தபோதெல்லாம் முத்தமிழ் வித்தகராகவும், துறவியாகவும், யாழ்நூல் ஆசிரியராகவுமே அவரை வரவேற்றோம். வகுப்பறையில் அறிவியல் கற்பித்த மயில்வாகனனாரை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். பகலெல்லாம் பள்ளியில் அறிவியல் கற்பித்துவிட்டு மாலையில் கவிதையோடு வந்தமரும் அன்பர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களை நினைந்தே இப்பத்தாம் ஆண்டு மலரில் அந்த ஆசிரியரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

ஈழத்தின் கிழக்குக் கரையில், காரைதீவு என்னும் சிற்றூரில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிறந்தார். மட்டக்களப்பில் பயின்று, இளமையிலேயே ஆசிரியத் தொழிலில் புகுந்தார். பின்னர்க் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அந்நகரத்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பயின்று 1916இல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். ஒரே ஆண்டில் ஒரு கையில் சோதனைக் குழாய், மறு கையில் தொல்காப்பியம். இவ்விரண்டில் ஒன்றைக் கீழே வைத்தால்தான் மற்றொன்றைத் தூக்க முடியும் என்று அவர் ஒருபோதும் எண்ணியதாகத் தெரியவில்லை.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளையர் பட்டம் வந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் உடன் வந்தது. இனி ஊதியமும் பதவியும் பெருகும் என்று உற்றார் மகிழ்ந்திருப்பர். அவரோ 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார்.

துறவு பள்ளிக்கூடத்திலிருந்து அவரை விலக்கவில்லை. ஈழம் திரும்பியதும் இராமகிருஷ்ண சங்கத்துப் பள்ளிகளை வளர்ப்பதே அவர் பணியாயிற்று. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

அடுத்து வருவதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். தமிழில் அறிவியல் கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்னும் முயற்சி 1916லேயே சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தொடங்கியதாகும். இருபது ஆண்டுகள் கழித்து, 1936இல், சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகள் தலைமை ஏற்றார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. கணிதம், பௌதிகம், வேதியியல், பயிரியல், விலங்கியல் எனத் துறை துறையாகச் சொற்கள் அடுக்கப்பட்டன. அங்கே வெறும் புலவர் போதார். வெறும் விஞ்ஞானியும் போதார். பொருளைக் கையால் தொட்டுக் கற்பித்தவரும் சொல்லின் வேரை அறிந்தவரும் ஒருவராகவே இருந்தது தமிழ்ப் பிள்ளைகளின் நற்பேறு. கலைச்சொல்லாக்கம் கவிஞர்க்குப் புறம்பான வறட்டு வேலை என்று நம் கூட்டத்திலேயே ஒரு நண்பர் வாதிட்டார். அன்று விடை சொல்லத் தெரியாது வாளாவிருந்தேன். இன்று நம் பகுதிப் பள்ளிகளிலும் திறன்மிகு வகுப்பறைகள் வந்துவிட்டன. 2024இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவின் உயர்ந்த கட்டடத்தைப் பார்த்தபடியே பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். திரையில் அணுவும் அலையும் அசைகின்றன. ஆனால் அசைவதன் பெயரை ஏழாம் வகுப்புக் குழந்தை தன் மொழியில் சொல்ல முடியவில்லையெனில், திரை வெறும் வேடிக்கையாகிவிடும். என் நண்பர்க்கு இதுவே என் காலந்தாழ்ந்த விடை.

இனி யாழ்நூல். நம்மில் பலர் இதைப் போற்றுவோம், படிக்கமாட்டோம். யானும் முதன்முறை எண்களைக் கண்ட இடமெல்லாம் பக்கத்தைப் புரட்டியவனே. பதினான்கு ஆண்டுகள் போல் நீண்ட அந்த ஆராய்ச்சியின் உயிர் எண்களில்தான் உள்ளது. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் கொண்டு, வழக்கொழிந்த யாழின் நரம்புகளுக்கு அளவு காண முற்பட்டார் அடிகள். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரண்டாக்கினால் ஒன்றரை மடங்காகும். முன்னது குரலுக்கு மேற்குரல், பின்னது குரலுக்கு இளி. பள்ளி ஆய்வகத்தில் சுரமானியின் கம்பியை மீட்டிய மாணவனுக்கு இது புதிதன்று. அந்த எளிய விகிதத்தைப் பிடித்துக்கொண்டே இளங்கோவடிகளின் வரிகளுக்குள் நுழைந்து, பாலைகள் திரியும் முறையையும் பண்களின் அமைப்பையும் கணக்கிட்டார். உரையாசிரியர் சொல்லுக்குப் பொருள் கூறினர். அடிகளோ கணக்கு விடைதருகிறதா என்றும் சரிபார்த்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்னும் பெயர்களை நாம் கவிதையில் அழகுக்காக அடுக்குகிறோம். அவர்க்கு அவை செய்து பார்க்க வேண்டிய கருவிகள்.

இடையே இமயத்து மாயாவதியில் ஆங்கில ஏடான பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்துகொண்டிருந்தது, யாழ்நூல் பணி மட்டும் நிற்கவில்லை.

1947 சூன் தொடக்கத்தில், திருக்கொள்ளம்புதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக யாழ்நூல் அரங்கேறியது. அந்நூலின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்கள் அவைக்குக் கொணரப்பட்டு இசைக்கப்பட்டன. ஏட்டில் இட்ட கணக்கு செவியில் ஒலியாகத் திரும்பி வந்ததை ஆசிரியர் தாமே கேட்டார். ஆறு வாரங்களே கழிந்தன. சூலை 19ஆம் நாள் கொழும்பில் இயற்கை எய்தினார். அவர் உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தின் பக்கத்தில், பள்ளி மணியோசை கேட்கும் தொலைவில் அடக்கம் செய்யப்பட்டது.